ஏணி பிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

நான் செய்துவந்த விஜயந்தா டாங்கியின் மாதிரி முடிந்துவிட்டது. குழல் நுனியிலிருந்து பின்பக்கத் தகடு வரை 28 செ.மீ. மூன்றாண்டு வேலை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்; வீட்டில் கேட்டால் ஐந்து என்பார்கள். 35-இல் ஒரு பங்காகச் சுருங்கிய அந்த டாங்கியைப் பார்க்க வருகிறவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாராட்டில் பாதி வேறு முகவரிகளுக்குப் போகவேண்டியது. அவர்களில் சிலர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

நான் ஆவடிக்காரன். 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் எங்கள் தெருவின் பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் வேலைக்குப் போனார்கள். அங்கே உருவானதுதான் விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வரைந்த டாங்கி அது. முதல் 90 வண்டிகள் அங்கிருந்தே செய்து வந்தன. 1965 முதல் ஆவடியில் உருவானவற்றையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 2,200. ஜெர்மனியின் டைகர் டாங்கிக்குக் கடைகளில், பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரிப் பெட்டிகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எங்கள் ஊர் டாங்கிக்கு நான் தேடியவரை ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். கையில் இருந்தவை இரண்டு வரைபடங்கள். இரண்டும் டரெட்டின் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூடு) அகலத்தில் ஒன்றுக்கொன்று சண்டை போட்டன. அசலில் ஓர் அங்குலப் பிழை என்றால் மாதிரியில் 0.7 மி.மீ. யார் கண்ணுக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொன்னார்கள். செய்தவன் கண்ணுக்குத் தெரியுமே.

ஆகவே முதல் நன்றி, அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்துக்கு. கவசப் படையின் பயிற்சி மையம் 1994-இல் அமைத்த இடம். ரோல்ஸ் ராய்ஸ் கவச காரில் தொடங்கி, 1965 போரில் பாகிஸ்தானிடமிருந்து பிடித்த பாட்டன் டாங்கி வரை ஏறத்தாழ 50 வாகனங்கள் அங்கே நிற்கின்றன. இதற்கு முன் வேறோர் இடத்துக்கு, பெயர் வேண்டாம், ‘ஆய்வுக்காகப் பார்வையிட அனுமதி தேவை’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தேன். பதில் இல்லை. இப்போது யோசித்தால் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அப்படி ஒரு கடிதத்துக்கு யார்தான் என்ன பதில் எழுதுவார்கள்? அகமத்நகருக்கு எழுதியபோது எந்தெந்தப் பாகம், எத்தனை நிமிடம், கையில் என்ன கருவி என்று படத்தில் வட்டமிட்டு அனுப்பினேன். அந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்து, ‘ஏணி நாங்கள் தருகிறோம், நீங்கள் கொண்டுவர வேண்டாம்’ என்று சொன்ன அலுவலக ஊழியருக்கு என் வணக்கம். ரயிலில் ஏணியோடு போகும் திட்டம் உண்மையாகவே எனக்கு இருந்தது.

அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டவர் விஜயந்தா ஓட்டிய முன்னாள் படைவீரர். என் இந்தி அரைகுறை. அவர் தமிழ் ஐந்து சொல். ஆனாலும் இரண்டு நாள் பேசிக்கொண்டே இருந்தோம். காலை எட்டு மணிக்கே வரச் சொன்னார். ஏன் என்று பதினொரு மணிக்குப் புரிந்தது, தகட்டில் கை வைக்க முடியவில்லை.

இடப்பக்கச் சக்கரங்களின் இடைவெளியை அளந்து முடித்து டேப்பைச் சுருட்டினேன். “அந்தப் பக்கம்?” என்றார். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்றேன். அவர் சிரித்தார். அளந்தால், வலப்பக்கச் சக்கரங்கள் இடப்பக்கத்துக்கு நேரே இல்லை. சற்றே தள்ளி நிற்கின்றன. காரணம் வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரக் கையும் தரைத்தகட்டின் குறுக்கே கிடக்கும் ஓர் எஃகு முறுக்குக் கம்பியோடு பிணைந்தது. சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுக்கேறும், இறங்கினால் திரும்பும். இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் ஒரே இடத்தில் கிடக்க முடியாது, பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கவேண்டும். அதனால்தான் அந்தத் தள்ளல். அதே வளாகத்தில் நிற்கும் பிரிட்டிஷ் டாங்கியான செஞ்சூரியனில் இந்த வம்பு இல்லை, அதன் சுருள்வில்கள் வெளிப்பக்கமே தொங்குகின்றன. நான் ஏற்கெனவே ஒரு பக்கத்தை நகலெடுத்து மறுபக்கம் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, கத்தியை எடுத்து அதைப் பெயர்த்தது.

டார்ச் வித்தையும் அவர் கற்றுத்தந்ததுதான். ஒளியை நேரே அடிக்காமல் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பல முறை பூசிய வண்ணத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து வரும். செஞ்சூரியனின் டரெட் வார்ப்பு, கொத்திய அம்மிக்கல் போலச் சொரசொரப்பு. விஜயந்தாவின் டரெட் உருட்டிய தகடுகளை வெட்டிப் பற்றவைத்தது. சமதளம், விளிம்புகளில் மட்டும் வெல்டிங் வரி புழு ஊர்ந்ததுபோல் ஓடுகிறது. வெயிலில் எடுத்த நூறு புகைப்படங்களில் இது ஒன்றில்கூடத் தெரியவில்லை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அருங்காட்சியக வண்டியின் வண்ணத்தை நம்பி என்னைப் போன்றவர்கள் சண்டை போடுவது வீண். துருப்பிடிக்காமல் இருக்கக் கிடைத்த பச்சையைப் பூசுகிறார்கள், அவர்கள் கவலை அது.

பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை. 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிக்கு உரியது. முதலில் அதில் ஒளிரும் தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பார்கள்; அவை இலக்கில் விழுந்தால் தூரம் சரி என்று பொருள், பிறகுதான் 105 மி.மீ. பீரங்கி. அந்தத் துளையை நான் ஊசியால் குத்தியிருந்தேன். அவர் தன் சுண்டுவிரலைக் காட்டி, இந்த அளவு தோட்டா போகவேண்டாமா என்றார்.

ஆவடிக்குத் திரும்பி, வெல்டிங் பிரிவில் ஓய்வுபெற்ற அடுத்த தெரு மாமாவிடம் படங்களைக் காட்டினேன். மாமாவுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. கைப்பேசியை மூக்குக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “அந்தச் சாமான் பெட்டியைச் செய்யாதே. மூடி அசல் இல்லை, யாரோ பிறகு அடித்துப் போட்டிருக்கிறார்கள்” என்றார். பின்னர் கிடைத்த ஒரு பழைய படம் அவர் பக்கம் பேசியது. மாமா, அந்த ஒற்றை வாக்கியம் எனக்கு இருபது மணி நேர வேலையை மிச்சப்படுத்தியது. காபி ஒன்றுதான் கொடுத்தேன், அதையும் சர்க்கரை இல்லாமல்.

இனி இங்கிலாந்து. அலுவல் வேலையாகப் போன இடத்தில் இரண்டு நாள் திருடி டார்செட்டில் உள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1915-இல் செய்த லிட்டில் வில்லியும், 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டு இன்றும் ஓடும் டைகர் 131-உம் அங்கே இருக்கின்றன. டைகரைச் சுற்றிக் கூட்டம், நானும் ஐந்து நிமிடம் நின்றேன், பொய் சொல்வானேன். ஆனால் நான் தேடிப் போனது சீஃப்டன் டாங்கியை. அதன் இதயமும் விஜயந்தாவின் இதயமும் ஒன்று: லேலண்ட் எல்60 எஞ்சின். ஆறு உருளைகளில் பன்னிரண்டு பிஸ்டன்கள். ஒவ்வோர் உருளைக்குள்ளும் இரண்டு, மேலும் கீழுமாக ஒன்றையொன்று நோக்கிப் பாயும். நடுவில் எரிபொருள் வெடித்து இரண்டையும் பிரிக்கும். இரண்டு சுழல்தண்டுகள். காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகு.

அங்கே விளக்கம் சொன்ன தன்னார்வலர் ஒரு காலத்தில் சீஃப்டனில் பணிசெய்தவர். தன் இரண்டு கை முஷ்டிகளையும் மோதிக் காட்டி எனக்கு அந்த எஞ்சினை விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, எண்ணெய்க் கசிவையும் மலையேற்றத்தில் அது மக்கர் செய்ததையும் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரே வியப்பு. அகமத்நகர் ஐயா சொன்ன அதே புகார்கள், ஏறக்குறைய அதே வரிசையில்! விஜயந்தாவில் அதன் திறன் 535 குதிரைச் சக்தி, சீஃப்டனில் இன்னும் அதிகம். திட்டு மட்டும் இரண்டு நாட்டிலும் சம அளவு. இதை அவரிடம் சொன்னதும் “அந்த ஓட்டுநருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவியுங்கள்” என்றார். தெரிவித்துவிட்டேன், ஐயா. முன்பதிவு செய்து போன ஆவணக் காப்பகத்தில், கையேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து மேசையில் வைத்து, மூடும் நேரத்துக்குப் பின்னும் பத்து நிமிடம் கண்டுகொள்ளாமல் இருந்த ஊழியருக்கும் நன்றி.

கடைசியாக ஒருவர். அந்தப் பயணத்திலேயே பிரான்சுக்கும் போனேன். லுவார் நதிக்கரையில் சோமூர் என்ற ஊரில் கவச வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் உலகப் போரின் சேன்ட் ஷமோன் டாங்கிகளில் உலகில் எஞ்சிய ஒன்றே ஒன்றை அங்கேதான் காணலாம். என் விஜயந்தாவுக்கு அதனால் பயன் ஏதுமில்லை, வெறும் ஆசை. பாரிஸ் லா ஷப்பலில் எனக்கு இடம் கொடுத்த யாழ்ப்பாணத்து அண்ணன், விடியற்காலை காரை எடுத்துப் பல மணி நேரம் ஓட்டி என்னைக் கொண்டுபோய் விட்டார். டிக்கெட் வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தேன், அவர் காரிலிருந்து இறங்கவில்லை.

“நீங்கள் போய்ப் பாருங்கள், தம்பி. எனக்கு அதன் சத்தம் தெரியும்.”

நான்கு மணி நேரம் ஆற்றங்கரையில் இருந்திருக்கிறார். திரும்பி வந்ததும் என்ன பார்த்தேன் என்று அக்கறையோடு கேட்டார். சக்கரங்களைப் பற்றிச் சொன்னேன், வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை. அண்ணா, அன்று வழியெல்லாம் நான் சரியாக நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அளவுகள், வரைபடங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி அகமத்நகருக்கும் போவிங்டனுக்கும் அனுப்பியிருக்கிறேன். விஜயந்தா செய்ய நினைக்கும் யார் கேட்டாலும் தருவேன். பெட்டி மூடியைப் பற்றி மாமாவின் குறிப்போடு.

அகமத்நகர் ஐயாவுக்கு ஒரு செய்தி பாக்கி. கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஓட்டுநரின் மூடியை மூடியபடி ஒட்டிவிடாதே, ராஜஸ்தான் வெயிலில் அதை மூடிக்கொண்டு எவன் உட்காருவான் என்று. திறந்துதான் வைத்திருக்கிறேன், ஐயா. முன்பக்கம், வலது கைப்பக்கம், நீங்கள் உட்கார்ந்த இடத்தில்.

நன்றியுடன்,
ஆவடியிலிருந்து ஒரு மாதிரி செய்பவன்