ஆளில்லாத நாட்களில் பழுதாகும் கழிப்பறைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முகாம்களிலும் தியான மையங்களிலும் கழிப்பறை பழுதானால், வந்து தங்கியவர்கள் மேல்தான் பழி விழுகிறது. ஆனால் அங்கே பல பழுதுகள் ஆளில்லாத வாரங்களில் உருவாகி, கூட்டம் வந்திறங்கும் முதல் நாளில் தலைகாட்டுகின்றன. எனவே நிர்வாகிகள் கவனிக்க வேண்டியது பூட்டும் நாளையும் திறக்கும் நாளையும்.

நாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். தரைத் துளைக்கு அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பில் 50 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாயுவைத் தடுப்பது அது ஒன்றுதான். சில வாரங்கள் புழக்கம் இல்லாவிட்டால் அது வற்றிவிடும். அதன்பின் எவ்வளவு ஃபினாயில் தெளித்தாலும் வாடை போகாது. பூட்டும்போது ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு தேக்கரண்டி மினரல் ஆயில் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

அதே நாளில், சுவரிலிருந்து டேங்குக்கும் குழாய்களுக்கும் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வுகள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். கழுவிக்கொள்ள உதவும் கைத்தெளிப்பானான ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடியை விட்டதும் தண்ணீர் நின்றாலும், குழாய்க்குள் அழுத்தம் அப்படியே இருக்கும். ஆளில்லாத இரவில் அந்தக் குழாய் வெடித்தால் மேல்நிலைத் தொட்டியே காலி. இன்னொரு நன்மையும் உண்டு: வருடக்கணக்கில் திருப்பாத வால்வு உப்புப் படிந்து இறுகி, அவசரத்துக்குத் திருகும்போது கையோடு வந்துவிடும். அவ்வப்போது மூடித் திறந்தால் இறுகாது.

திறப்பது இரண்டு நாள் முன்னதாக இருக்கட்டும். ஃபிளஷ் டேங்குகளுக்குப் போகும் வால்வுகளைத் திறக்காமல், முதலில் கடைசிக் குழாயின் முனைச் சல்லடையைக் கழற்றி, பிரதான வால்வை மெதுவாகத் திறந்து, கலங்கல் தீரும்வரை தண்ணீரை ஓட விட வேண்டும். தேங்கிய வண்டலும் துருவும் முதலில் அடைப்பது, டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வையும், அழுத்தியதும் திறந்து பிறகு தானே மூடிக்கொள்ளும் குழாயின் ஊசித் துளையையும்தான். ஷவர்களையும் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள், சாரல் மேலே படாதபடி தள்ளி நின்று. தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும், அது நுரையீரலைத் தாக்கும்.

பிறகு டேங்க் கசிவு. சத்தமும் வராது, தரையும் நனையாது. டேங்கில் சில சொட்டு உணவு நிறமி விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால், டேங்கின் அடித்துளையை மூடும் அடி ரப்பர் சரியாக அமரவில்லை. உடனே புதிது வாங்க வேண்டாம். அது உட்காரும் விளிம்பில் படிந்த உப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு மாற்றலாம். டேங்கில் மிஞ்சும் தண்ணீரைக் கோப்பைக்கு விடும் வழிவுக்குழாய்க்குள் தண்ணீர் விழுந்தால், நீர்மட்டம் அதன் வாயிலிருந்து 25 மி.மீ. தாழ நிற்குமாறு மிதவையை இறக்குங்கள். டேங்குக்குள் போடும் குளோரின் வில்லை அந்த ரப்பரை அரித்துவிடும். வெண்மைக்கு ஆசைப்பட்டு அதைப் போடுபவர்கள் ரப்பரை அடிக்கடி மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுவோருக்கு: எல்லா அறைக்கும் ஒரே மாடல் பொருத்துங்கள். இருபது அறைக்கு நான்கு அடி ரப்பர், இரண்டு மிதவை வால்வு, இரண்டு ஆங்கிள் வால்வு, நான்கு இணைப்புக் குழாய், டெஃப்லான் டேப் கையிருப்பில் இருந்தால் பெரும்பாலான வேலை பிளம்பர் வராமலே முடியும். ஐந்து மாடல் இருந்தால் எந்த உதிரியும் எதற்கும் பொருந்தாது. சுவருக்குள் மறையும் டேங்க் பார்க்க அழகுதான், பழுது பார்ப்பவர் பாடுதான் திண்டாட்டம். கழிவுக்குழாயில் 90 பாகை வளைவு ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டு போட்டு, திருப்பத்தில் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடியும் விடுங்கள்.

அடைப்புக்குப் பெரும் காரணம் நாப்கினும் ஈரத் துடைப்பான்களும். ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்டு விற்கும் துடைப்பான்கூடக் காகிதம்போல் கரைவதில்லை. ‘உள்ளே போடாதீர்’ என்ற பலகை மட்டும் போதாது. மூடியுள்ள கூடை ஒவ்வொரு அறைக்குள்ளும், உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பணியாளர்கள்