பயணச்செலவும் சேர்த்துத் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1999 கோடையில் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில், மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் படித்தேன். பக்கத்து அறையில் கிர்கிஸ்தானிலிருந்து வந்த பெண் ஆய்வாளர். விமானக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் உதவித்தொகையில். பகலில் வகுப்பு; மாலையானால் நூலக நகல் இயந்திரத்தின் முன்னால் நிற்பார். கிளம்பும் நாளில் துணிமணிகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, பெட்டி நிறைய ஆய்விதழ் நகல்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். சோவியத் உடைந்தபின் அவர் ஊருக்கு வெளிநாட்டு இதழே வரவில்லையாம்.

அவரைப் போன்றவர்களுக்காகவே 1991இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கடும் நிபந்தனை விதித்த ஹங்கேரியின் 2017 சட்டத்தால், 2019இல் வியன்னாவுக்கு இடம்பெயர நேர்ந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

மாநாடு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண்ணைப் போன்ற வசதியற்ற ஆய்வாளர்களுக்குப் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் மட்டும் போதாது; விமானக் கட்டணமும் விசாச் செலவும் முன்பணமாகவே தாருங்கள்.

– ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியை, திருச்சி