வழித்தாலும் போகாத வெள்ளை

கோபிசெட்டிபாளையம்,
மாசி மாதம்.

அன்புள்ள சென்னியப்பனுக்கு,

மஞ்சள் வெட்டு முடிந்து வேகவைக்கும் வேலை நடப்பதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில், நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, வழித்தாலும் போகவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் என் நாக்கின் கதையைக் கேள். கார்த்திகையிலிருந்தே ரசம் பட்டால் எரிந்தது. உடம்புச் சூடு என்று நானாக முடிவு செய்து, மோரும் கம்மங்கூழும் குடித்து, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்து மூன்று மாதங்களை ஓட்டினேன். "உங்க நாக்கு ஏனுங்க அப்புச்சி இப்படி வழவழன்னு செவந்திருக்குது?" என்று பேத்தி கேட்ட பிறகே கண்ணாடியில் பார்த்தேன். மேல்புறத்தின் சொரசொரப்பே மறைந்து, தோலுரித்த கிழங்குபோல் இருந்தது.

மருத்துவர் நாக்கைப் பார்த்ததும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. நாக்கின் மேலுள்ள செல்கள் விரைவாகத் தேய்ந்து புதிதாக உண்டாகிறவை என்பதால், சத்துக் குறைந்தால் அங்கே சீக்கிரம் தெரிந்துவிடுமாம். சர்க்கரைக்காக நான் பத்தாண்டுகளுக்கு மேலாக விழுங்கிவரும் மெட்ஃபார்மின், குடல் இந்த வைட்டமினை ஏற்பதைக் குறைக்கக்கூடியது. பழனிக்குக் காவடி எடுத்ததிலிருந்து நான் கவிச்சியையும் முட்டையையும் விட்டுவிட்டதும் சேர்ந்துகொண்டது, ஏனெனில் செடிகொடியிலிருந்து இந்தச் சத்து கிடைப்பதில்லை. பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் வேலை என்றே நினைத்திருந்தேன். இந்தக் குறைபாடும் நரம்புகளைக் கெடுக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன், எரிச்சல் அடங்கிவிட்டது.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, விழி ஆகியவற்றோடு நாவும் ஒன்று. நம் சிறுவயதில் ஊர் வைத்தியர் "நாக்கை நீட்டு கண்ணு" என்றதை நாம் வேடிக்கையாகச் செய்து காட்டிச் சிரித்தோமே!

அதற்காக எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் நாக்கில் நிலப்படம்போல் சிவந்த திட்டுகள் தோன்றி, வாரத்துக்கு வாரம் இடம் மாறின; அவன் தாய் அழுதே ஓய்ந்துவிட்டாள், அதுவோ தீங்கற்ற ஒன்று. காலையில் படியும் வெண்மை பெரும்பாலும் வாய் உலர்ந்ததால் வருவது. வெளிறிய நாக்கு இரத்தசோகையால் இருக்கலாம், அதற்கும் பரிசோதனை வேண்டும்.

உன்னுடையது அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று. பூஞ்சைப் படலமாக இருந்தால் பெரும்பாலும் துடைத்தால் வந்துவிடும், கீழே சிவந்திருக்கும். துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு, அதுவும் நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையும் மெல்லுகிறவன் வாயில், வேறு வகை. அவற்றில் பல ஒன்றுமில்லாமல் போகலாம், சில புற்றாக மாறும். நாக்கில் புற்று அதிகம் வருமிடமும் அந்த ஓரம்தான். வலி இல்லை என்று எழுதியிருக்கிறாய், தொடக்கத்தில் வலிக்காமலும் இருக்கும் என்பதே என் கவலை. சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எதையும் காட்டியே ஆகவேண்டும், நீயோ தையிலிருந்து வைத்திருக்கிறாய். மஞ்சள் ஒட்டியிருக்கும் என்று மட்டும் சமாதானம் சொல்லாதே. மஞ்சள் வெள்ளையாக ஒட்டாது.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஈரோடு பேருந்து நிலையத்தில் நிற்பேன். வாய், தாடை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். மஞ்சள் வேலையைத் தங்கச்சியும் பையனும் பார்த்துக்கொள்வார்கள், அவர்களிடமும் பேசிவிட்டேன். வெற்றிலைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
நாச்சிமுத்து