மான் தலைக் கத்திகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வெள்ளிக் கைப்பிடிக் கத்திகளின் படங்கள் வந்து சேர்ந்தன. கூடவே ஒரே ஒரு வரி: "இது எவ்வளவுக்குப் போகும்ப்பா?" இத்தனை நாள் கழித்து உன்னிடமிருந்து வந்தது என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, வேலை அதிகமாக இருக்கும். மருமகளும் குழந்தையும் நலம்தானே?

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் சிங்கம், கிரீடம், ராஜா தலை என்று மூன்று முத்திரைகளும் இருக்கின்றன. சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கிரீடம் நம் ஷெஃபீல்டு ஊரின் அந்தக் காலத்து முத்திரை. ராஜா தலை, வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக 1784-லிருந்து அடித்தது. ராணி தலை இல்லாததால் பெரும்பாலும் விக்டோரியா காலத்துக்கு முந்தையது. இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பட்டறைக்கு வந்தால் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு செய்த வருடத்தைக் குறிக்கிற முத்திரை எழுத்தை எனக்கு முன்னால் சொல்கிற பையன் நீ. முதலாளியே அசந்துபோவார்.

எடைக்கு வாங்குகிறவனிடம் மட்டும் கொண்டு போகாதே. கையில் எடுத்தால் கனக்கிறதே என்று தோன்றும். அந்தக் கனம் வெள்ளியுடையது இல்லை. மெல்லிய தகட்டை இரண்டு பாதியாக அச்சில் அடித்து, பற்றவைத்து, உள்ளே பிசினை உருக்கி ஊற்றி அலகின் வாலைச் செருகியிருக்கிறார்கள். பிசினையும் எஃகையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிற வெள்ளி கொஞ்சம்தான், அதற்குத்தான் அவன் காசு கொடுப்பான். அலகும் பழையது இல்லை. நம் ஊரில் பிரியர்லி 1913-ல் துருப்பிடிக்காத எஃகைக் காய்ச்சியெடுத்த பிறகு யாரோ மாற்றியது. சேகரிக்கிறவர்கள் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கத்தியில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. வெந்நீரில் ஊறப்போட்டீர்களா, பாத்திரம் கழுவுகிற மெஷினில் போட்டீர்களா? பிசின் இளகினால் அலகு ஆடும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிட வேண்டும்.

அப்புறம், படத்தில் கத்திகள் தரையில் இருக்கின்றன. சாப்பாட்டு மேசை எங்கே? புதிதாக வாங்குகிறீர்களா?

கைப்பிடியில் வெட்டியிருக்கிற குடும்பச் சின்னத்தை அழித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. தகடு இருக்கிற மெல்லிசுக்குத் தேய்த்தால் ஓட்டை விழுந்துவிடும். அந்த மான் தலையை வெட்டியவனுக்கு என்ன கை! முறுக்கிய துணி வளையத்துக்கு மேலே, நக அளவு இடத்தில், கழுத்து மயிர் வரை சிற்றுளியால் கீறியிருக்கிறான். எல்லாம் கைவேலை, அதனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்றில் மட்டும் காது நிமிர்ந்திருக்குமே, அது எனக்குத்தான் என்று நீயும் அக்காவும் போட்ட சண்டை அடுத்த வீட்டுக்கே கேட்கும். எந்தக் குடும்பத்து மான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் வைத்திருந்தன. ஆசையாக வெட்டி வாங்கியவர்கள் வீட்டிலிருந்துதான் இது வெளியே வந்திருக்கிறது. அவர்களுக்கும் ஏதோ கஷ்டம் வந்திருக்கும். கஷ்டம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

வெந்நீரில் மட்டும் போடாதே.

கல்யாணத்துக்குக் கொடுத்த பிறகு அது உன்னுடையது, விற்பது உன் இஷ்டம். விற்பதாக இருந்தால் வெளியே போகாதே, எனக்கே விற்றுவிடு. ஏலத்தில் என்ன கிடைக்குமோ அதற்கு மேலே போட்டுத் தருகிறேன். அம்மாவிடம் பேசிவிட்டேன். அக்காவுக்குத் தெரியாது. பணத்தை முதலில் அனுப்புகிறேன், கத்திகளை நீ வரும்போது எடுத்து வந்தால் போதும். ஆடுகிற அலகை நானே பிசின் வைத்து நிறுத்தித் தருகிறேன். உன் பழைய வங்கிக் கணக்கு இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் புது எண்ணை அனுப்பு. இப்போது போனில் பேச முடியாவிட்டால் பரவாயில்லை, எண்ணை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா