தம்பி வந்துவிட்டான், எல்லோருக்கும் நன்றி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துச் சொந்தங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் வணக்கம்.

கடலில் காணாமல் போயிருந்த தம்பி இப்போது வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், உதட்டு வெடிப்பு ஆறிக்கொண்டு வருகிறது. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை.

டீசல் கணக்குப் பார்க்காமல் தேடப் போன நாட்டுப்படகு, விசைப்படகு அண்ணன்மார், மண்டபத்துக் கடலோரக் காவல்படையினர், மீன்வளத் துறை அலுவலகத்தில் எங்களோடு நின்ற சங்கத் தலைவர்கள், ராத்திரியில் கோயிலைத் திறந்துவைத்த பங்குச் சாமியார், துவா செய்ததாகச் சொல்லி அனுப்பிய கீழக்கரைக் கடைக்காரர், வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி கிளம்பும்போதெல்லாம் அதை நிறுத்திய பையன்கள், எல்லோருக்கும் நன்றி. வீடு வீடாக வந்தும் சொல்வேன்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவுக்குத் தெரியும், அது போதும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். தம்பியின் நண்டு வலையை அந்தப் படகு அறுத்துக்கொண்டு போனது என்பது எங்கள் வழக்கு. அன்றைக்கு அங்கே வலையே கிடந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பேசி வைத்திருக்கிறோம், சரி. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தானே கரைக்கு வருகிறது? நடுராத்திரி யாருடைய நாள்? கடலில் வரப்பு கிடையாது. எதிரே வருகிறவன் விளக்கைப் பார்த்து விலகிப் போவான் என்று நம்பித்தான் இருட்டில் வலை விடுகிறோம். ஊர்க் கூட்டத்தில் வலைக்கு விலை பேசி முடித்தார்கள். பாதி வந்தது, மீதி இன்னும் வரவில்லை.

தம்பியைத் தேடிய அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நல்ல தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது நம் மாவட்டத்தில் யாருக்குத்தான் தெரியும்? குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருக்க ஓர் ஆள் வேண்டும். நாங்களோ கடற்கரையே கதி என்று கிடந்தோம். வீடு நிறைய ஆட்கள், ஓயாமல் டீயும் கஞ்சியும். ஆனாலும் தண்ணீர் குறையவே இல்லை. நான் பிடிக்கிறேன் என்று அம்மா நினைத்திருக்கிறார், சித்தி பிடிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால், அந்த அக்கா எங்கள் குடத்தைத் திண்ணையில் இறக்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, "மூடி எங்க? ஈ விழுது" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மூடி வைத்துவிட்டு அடுத்த குடத்துக்குப் போய்விட்டார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வந்துருவான்" என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

நான் அஞ்சல் வழியில் உளவியல் படித்தவள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சன், பிறர் துன்பத்தைப் பார்க்கும்போது நமக்குள் இரண்டு விதமாக உணர்ச்சி எழும் என்று பிரித்துச் சொல்வார். ஒன்று, பார்க்கப் பொறுக்காமல் நமக்கே வரும் தவிப்பு. மற்றது, அவர்கள் மேல் வரும் பரிவு. தவிப்பு மட்டும் இருந்தால், விலகிப் போக வழி கிடைத்ததும் பெரும்பாலும் போய்விடுவோம். பரிவு இருந்தால் வழி இருந்தும் நின்று உதவுவோம். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். எங்களைவிட அதிகமாக அழுது, அம்மாவே தேற்றி அனுப்ப வேண்டியதாகிவிட்ட சில சொந்தங்களையும் (கோபித்துக்கொள்ளாதீர்கள்), அப்புறம் அந்த அக்காவையும் பார்த்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. அக்காவுக்கு விலகிப் போக வழி மட்டுமா, காரணமே இருந்ததே!

பிறகு ஏன் என்று கேட்டேன். "ஒங்க குடம் சும்மா கெடந்துச்சு, தண்ணி நின்னுபோனா அடுத்து எப்ப வருமோ" என்றார். அவ்வளவுதான்.

மன்னிப்பிலும் இப்படி இரண்டு உண்டு என்பார் இன்னொரு அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன். இனி பகை பாராட்டி நடக்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளே இருக்கும் கசப்பு மாறுவது இன்னொன்று. முடிவெடுத்த உடனே கசப்பு போய்விடாது. என் முடிவை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த வீட்டைப் பார்த்து இனி நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். ஆனால் அறுந்தது தம்பியின் வலை, அவனுக்காக நான் மன்னிக்க முடியாது. மீதிப் பணமும் தள்ளுபடி ஆகவில்லை. அது ஊர்க் கூட்டத்துக் கணக்கு, அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

தம்பியிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க குடத்த எங்க வச்சாங்களாம்?" என்று கேட்டான். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். தினமும் எங்கள் குடத்துக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார். ஒரு நாள் அவர் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டதாம்.

வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அவசியம் வாருங்கள். அக்கா வருகிறார், வீட்டுக்காரரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வலைப் பேச்சை மட்டும் அன்றைக்கு யாரும் எடுக்காதீர்கள். மாமாமார்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.