மரத்தைத் தேய்க்காதே, மக்களே

தக்கலை,
ஆடி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மக்களே,

நீ வாங்கிய பழைய துப்பாக்கியை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழு படங்களையும் நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி அம்மா இரண்டு தடவை எழுந்து வந்துவிட்டாள். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே இரும்பில் கிரீடம், அதற்கடியில் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ., அப்புறம் இஷாப்பூர், 1943. கல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றங்கரையில் செய்த .303. பட்டாளத்தில் இதே மாதிரி எத்தனையோ துப்பாக்கிகள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. இப்போது ஒன்று ஓஹையோவில் உன் வீட்டு மேசையில் கிடக்கிறது.

மரம் கறுத்துப்போய் இருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். தேய்க்காதே. உப்புத்தாளை அந்த அறைக்குள்ளேயே கொண்டு வராதே.

காரணம் சொல்கிறேன். சுடும்போது வரும் உதையை முன்பக்க மரத்தின் பின்முனைதான் தாங்குகிறது. அங்கே மரமும் இரும்பும் தாள் நுழையாதபடி பொருந்தியிருக்க வேண்டும். அதைப் பொருத்தியவன் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கியிருப்பான். நீ அங்கே கொஞ்சம் தேய்த்துவிட்டால் குண்டு குறியில் விழாது, நாளடைவில் மரமும் பிளக்கும். வெளிப்பக்கம் தேய்த்தால் ஆய்வாளர்கள் அடித்த முத்திரைகள் போய்விடும். மூன்றாவது படத்தில், இடது பக்கம் லேசாகத் தெரிகிறது பார், அதெல்லாம் போனால் போனதுதான். டர்பன்டைன் தொட்ட துணியால் மேலழுக்கை மட்டும் துடை. பிறகு காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு. உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்து விடு. ஒரு வாரம் தினமும் செய்தால் போதும்.

கழற்றும்போது ஒரே ஒரு விஷயம், மக்களே, இதை மட்டும் மறந்துவிடாதே. தோளில் பதியும் பின்கட்டையை இறுக்கும் நீளமான திருகாணி ஒன்று கட்டைக்குள்ளே ஓடுகிறது. அதன் முனை சதுரம். அந்தச் சதுரம் முன்பக்க மரத்துக்குள் இருக்கும் ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்பக்க மரத்தைக் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருகினால் சதுரம் சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே பிளந்திருக்கிறேன். செகந்திராபாத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் பயிற்சி முடித்து முதல் வொர்க்‌ஷாப்புக்குப் போன மூன்றாம் வாரம் அது. நல்ல வால்நட் மரம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. புதிய மரம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதைப் பொருத்தி முடிக்கும்வரை வேறு வேலை கிடையாது என்றார். ஒன்பது நாள் ஆனது. மரம் பொருத்துவது என்றால் என்ன என்று அந்த ஒன்பது நாளில்தான் படித்தேன். ஆக, முதலில் தோட்டா வைக்கும் மேகஸின், போல்ட், குழல்வாய்ப் பக்கத்து மூக்குமூடி. பிறகு விசையைச் சுற்றியுள்ள ட்ரிகர் கார்டும் முன்மரமும். பின்கட்டை கடைசியில். அதைக் கழற்றத் தேவையில்லை என்றால் தொடவே வேண்டாம்.

சுடுவதற்கு முன்னால் போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள எண்ணும் துப்பாக்கி உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார். ஒன்றாக இருந்தாலும் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளந்தே ஆக வேண்டும். துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டு போ. 0.064 அங்குல கேஜ் என்ற அளவுக் கட்டையை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074ல் மூடக் கூடாது. எங்கேயாவது டி.பி. (டிரில் பர்ப்பஸ்) என்று வெட்டியிருந்தால் அது டிரில்லுக்கு ஒதுக்கிய துப்பாக்கி. அதில் ஒரு ரவுண்டுகூடப் போடாதே. நம்ம ஊர்க் காலேஜ் பையன்கள் என்.சி.சி.யில் தோளில் வைத்து நடந்தவற்றில் பல அந்த வகைதான்.

அடுத்தது தோட்டா. பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். வாங்கியதில் தப்பில்லை. அதற்குள் மருந்து பெரும்பாலும் பொடியாக இருக்காது, சேமியா மாதிரி குச்சி குச்சியாக இருக்கும், கார்டைட் என்பார்கள். பிரச்சினை அந்தக் குச்சியில் இல்லை, தோட்டாவின் அடியில் ஊசி குத்தி முதலில் வெடிக்கும் கேப்பில். பழைய கேப் வெடித்தால் குழலுக்குள் ஒருவித உப்பு படிகிறது. உப்பு என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நாகர்கோவில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்துக்கு அருகே சித்தி வீட்டு ஜன்னல் கம்பியை நினைத்துப் பார். வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தும் பப்படம் மாதிரி உதிர்ந்ததே. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு அதில் சாகும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் சுட்ட அன்றைக்கே கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் ஊற்று. பட்டாளத்தில் இதற்கென்றே புனல் வைத்திருந்தார்கள். கொதிநீர் என்றால் இரும்பு சூடாகித் தானே காய்ந்துவிடும். பிறகு துணியால் துடைத்துக் காய்ந்ததை உறுதி செய்து எண்ணெய் பூசு. போல்ட் தலையையும் விட்டுவிடாதே. களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் செய்யலாம் என்று ஒரு ராத்திரி விட்டாலும் குழலில் சிவப்பு தெரியும்.

பின்கட்டையின் பித்தளை மூடியைத் திறந்தால் உள்ளே குழலைத் துடைக்க இழுக்கும் புல்த்ரூ கயிறும் சின்ன எண்ணெய்க் குப்பியும் இருக்க வேண்டும். இருக்கிறதா? இருந்தால் பத்திரம். ஆனால் அந்தக் கயிற்றைச் சாய்வாக இழுக்காதே. ஒரே பக்கமாக உரசி உரசிக் குழல்வாய் நீள்வட்டமாகிப்போன துப்பாக்கிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கயிறு மெத்தென்றுதான் இருக்கும், அதில் ஒட்டின மண் இரும்பை அராவிவிடும். நீ குழல் துடைக்கும் கம்பியே பயன்படுத்து, அதையும் பின்பக்கமிருந்து விடு.

காதுக்கு மூடி போடாமல் சுடாதே. நாங்கள் பஞ்சு வைத்துக்கொண்டோம், பல நாள் அதுவும் இல்லை. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கும். என் இடது காதில் ராத்திரியெல்லாம் சீவிடு கத்துகிறது. மழை பெய்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

போல்ட்டைக் கழற்றித் தனியாகப் பூட்டி வை. தோட்டா வேறு பெட்டி, வேறு சாவி. பேரனுக்கு எட்டு வயது, எதையும் திறந்து பார்க்கிற கை. உன் கையும் அப்படித்தான் இருந்தது. புலியூர்க்குறிச்சிக் கோட்டைக்குக் கூட்டிப் போனபோது, இங்கேதான் பீரங்கி வார்த்தார்கள் என்று சொன்னதும், எந்த அடுப்பில் என்று கேட்டு மரங்களுக்கிடையே தேடி ஓடினாய். 1741ல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக்காரத் தளபதி டி லனாய் எப்படி நம்ம திருவிதாங்கூர் ராஜாவுக்கே படை பழக்கினார் என்று அவர் கல்லறைப் பக்கம் உட்கார்ந்து கதை சொன்னேன். நீயோ, பீரங்கிக்கு ஓட்டை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டாய். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வரும்போது சொல்கிறேன்.

இங்கே .303 சாதாரண ஜனங்களுக்குத் தடை செய்த அளவு. பணியிலிருந்து இறங்கிய நாளோடு அதைத் தொட்டதில்லை. போன மாதம் ரப்பர் தோட்டத்து வெட்டுக்கத்திக்கு எண்ணெய் போடும்போது, விரல் தானாகவே போல்ட்டைத் துடைக்கிற மாதிரி வளைந்து போனது. நீ வாங்கியிருக்கிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் குறைவு, மக்களே. சந்தோஷத்தினால்தான்.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது போல்ட் எண்ணையும் உடல் எண்ணையும் படித்துச் சொல். துப்பாக்கியில் ஒன்றுமில்லை என்று மேகஸினைக் கழற்றி, விரலை விட்டுப் பார்த்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்து போல்ட்டை மெதுவாக ஒரு தடவை மூடு. வலது காதில் வைத்துக் கேட்கிறேன்.

அப்பா