கரடிப் பொம்மை போதும், ஷூ வாங்குவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் வந்துவிட்டால் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோயில், சர்ச், கடை என்று எங்கே போனாலும் வளர்ப்புப் பிள்ளைகளுக்கென ஒரு பரிசுப் பெட்டி இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் விழுவதெல்லாம் கரடிப் பொம்மை! எங்கள் தெருவில் ஓர் ஆயா நீதிமன்ற உத்தரவோடு இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்ப்புப் பிள்ளைகளாக வளர்க்கிறார். போன வருடம் 14 வயதுப் பேரனுக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் லாரி. “தங்கச்சிக்கு ஆகும்” என்று வாங்கி வைத்துக்கொண்டான். அவன் ஷூவில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

பள்ளி மூடினால் அங்கே கிடைக்கும் சாப்பாடும் நின்றுவிடும். ஜனவரியில் யூனிஃபார்ம், நோட்டு, பஸ் காசு எல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும். அரசின் வளர்ப்புப் பிள்ளை உதவித்தொகை மாதாமாதம் வருகிறது, சரி. டிசம்பருக்கென்று ஒரு ராண்ட் கூடக் கூடுதல் கிடையாது. அப்புறம் அந்த நீதிமன்ற உத்தரவு இருக்கிறதே, பெரும்பாலும் 2 வருடத்துக்குத்தான். அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும். விடுமுறை நேரத்தில் உத்தரவு முடிந்துபோனால் சமூகப் பணியாளரைப் பிடிப்பதற்குள் ஆயா பாடு திண்டாட்டம். இப்போதே தேதியைப் பார்த்துச் சொல்ல பக்கத்து வீட்டார் போதும்.

ஆயாவுக்கும் ஓய்வு வேண்டாமா? ஒரு நாள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனால் மதியம் கொஞ்சம் கண்ணயர்வார்.

இந்த முறை நாங்கள் நாலு வீட்டார் சேர்ந்து முதலில் ஷூ அளவைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். பேரனுக்கு 8.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்